எண்ணுக்குப் பதிலாக எழுத்தைத் தட்டினால் சி நிரல் நிற்காமல் ஓடுவது ஏன்?

கேள்வி

வணக்கம். சி மொழியை அண்மையில்தான் கற்கத் தொடங்கியிருக்கிறேன். மாணவர்களின் மதிப்பெண்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சராசரி காணும் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். மதிப்பெண் மாறியில் முதலில் -1 என்று இட்டு, மதிப்பு 0 முதல் 100க்குள் அமையும் வரை திரும்பத் திரும்பக் கேட்கும் வைல் மடக்கு ஒன்றை அமைத்து, அதனுள் உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் செயற்கூறு மூலம் முழு எண்ணைப் படிக்கிறேன். 150 என்று தட்டினால் நிரல் முறையாக மறுபடியும் கேட்கிறது. ஓர் எழுத்தைத் தட்டினாலோ, "மதிப்பெண்ணைத் தருக" என்ற வரி திரை முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது; கன்ட்ரோல்-சி அழுத்தினால்தான் நிற்கிறது. 72.5 என்று தட்டியபோது முதல் மாணவருக்கு 72 பதிவாகி, அடுத்த மாணவரிடம் வந்ததும் அதே ஓட்டம் தொடங்குகிறது. கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

மறுமொழி 1

உங்கள் மடக்கின் நிபந்தனை சரியாகவே இருக்கிறது. முழு எண்ணைத் தேடும் ஸ்கேன்எஃப், எண்ணின் பகுதியாக இருக்க முடியாத எழுத்தைக் கண்டவுடன் நின்றுவிடும், அந்த எழுத்தை எடுத்து எறியாமல் உள்ளீட்டிலேயே விட்டுவிடும், மாறியையும் தொடாது. ஆகவே மாறியில் -1 அப்படியே இருக்கிறது, மடக்கு மீண்டும் சுற்றுகிறது, அதே எழுத்தே மறுபடியும் எதிர்ப்படுகிறது. விசைப்பலகைக்காகக் காத்திருக்க நிரலுக்குத் தேவையே எழவில்லை. 72.5இல் 72 மட்டும் எடுக்கப்பட்டு, எஞ்சிய ".5" அடுத்த மாணவருக்குரிய உள்ளீடாகிவிடுகிறது.

ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். ஓர் எண் கிடைத்தால் அது 1, பொருந்தாவிட்டால் 0, உள்ளீடே தீர்ந்துவிட்டால் ஈஓஎஃப் என்னும் எதிர்ம எண். 0 வந்தால், வரி முடியும் வரை, ஒரு நேரத்தில் ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சார் கொண்டு எழுத்துகளைப் படித்து விலக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். கெட்சார் தரும் மதிப்பை எழுத்துக்குரிய கேர் வகை மாறியில் வாங்காமல் முழு எண்ணுக்குரிய இன்ட் வகையில் வாங்குங்கள். இல்லையேல் ஈஓஎஃப்பைச் சரியாக அடையாளம் காண முடியாது.

மறுமொழி 2

எஃப்ஃபிளஷ் செயற்கூறுக்கு நிரலின் இயல்பான உள்ளீட்டைக் குறிக்கும் எஸ்டிடிஇன்னைக் கொடுத்தால் ஒரே வரியில் உள்ளீடு சுத்தமாகிவிடுமே.

மறுமொழி 3

அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எஃப்ஃபிளஷ் வெளியீட்டுக்கு உரியது. எஸ்டிடிஇன் போன்ற உள்ளீட்டுக்கு அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் தரநிலை வரையறுக்கவில்லை. ஒரு கணினியில் வேலை செய்து மற்றொன்றில் செய்யாமல் போகும் நிரலில் பிழை தேடுவது, புதிதாகக் கற்பவருக்குப் பெரும் துன்பம்.

கேட்டவர்

மிக்க நன்றி. மறுமொழி 1இல் சொன்னபடி மாற்றியதும் எழுத்துகளால் நேர்ந்த ஓட்டம் நின்றுவிட்டது. எனினும் 72.5, 85கிமீ போன்றவற்றை எண் என்றே நிரல் ஏற்றுக்கொள்கிறது. முழு வரியும் எண்ணாக இருந்தால் மட்டுமே ஏற்க வழி உண்டா?

மறுமொழி 3

உண்டு. வரியைப் படிப்பதையும் அதற்குப் பொருள் காண்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துவிடுங்கள். பயனர் தட்டும் எதையும் இப்படிக் கையாள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எஃப்கெட்ஸ் மூலம் வரியை ஒரு சரமாக வாங்கி, அதைச் சரத்தை எண்ணாக மாற்றும் ஸ்டர்டோலிடம் கொடுங்கள். எண் எந்த இடத்தில் முடிந்தது என்பதை அது ஒரு சுட்டு (நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டும் மாறி) வழியாகத் தெரிவிக்கும். அந்தச் சுட்டு சரத்தின் தொடக்கத்திலேயே நின்றால் எண்ணே இல்லை என்று பொருள். பயனர் வெறுமனே என்டர் தட்டியதும் இதில் பிடிபடும். சுட்டுக்குப் பின் இடைவெளியையும் வரிமுடிவுக் குறியையும் தவிர வேறு ஏதேனும் இருந்தால் அந்த வரியை ஏற்காதீர்கள். சரத்தை எண்ணாக்கும் மற்றொரு செயற்கூறான ஏடூஐ இதற்கு உதவாது. "0" என்று தட்டினாலும் சொல்லொன்றைத் தட்டினாலும் அது 0 என்றே தரும், உங்கள் நிரலிலோ 0 முறையான மதிப்பெண்.

ஸ்டர்டோல் தரும் லாங் வகை முழு எண் மதிப்பை 0, 100 ஆகியவற்றோடு ஒப்பிட்ட பிறகே இன்ட் மாறியில் இடுங்கள். எஃப்கெட்ஸ் நல் (எதையும் சுட்டாத மதிப்பு) தந்தால் உள்ளீடு தீர்ந்துவிட்டது என்று கொண்டு மடக்கை விட்டு வெளியேறுங்கள். சரத்தில் வரிமுடிவுக் குறி காணப்படாவிட்டால், வரி வரியை வாங்கி வைக்கும் உங்கள் அணியைவிட நீளமானதாக இருக்கலாம். எஞ்சியதை முன்போலவே கெட்சார் கொண்டு விலக்கிவிடுங்கள்.

கேட்டவர்

அவ்வாறே மாற்றி எழுதினேன். 72.5, 85கிமீ, வெற்று வரி ஆகிய மூன்றையும் நிரல் இப்போது மறுத்து, அதே மாணவருக்கு மறுபடியும் கேட்கிறது.