லேப்டாப்போடு மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே கேபிளில் இணைக்கும் டாக்குக்கு நீளமான யூஎஸ்பி-சி கேபிள் மாற்றியவர்கள் யாராவது உண்டா?

மாடியறை:
டாக்கோடு வந்த கேபிள் முக்கால் மீட்டர்கூட இல்லை. மேசையைத் திருப்பிப் போட்டதும் எட்டவில்லை. 2 மீட்டரில் ஒன்று வாங்கிச் செருகினேன். சார்ஜ் ஏறியது, கீபோர்டும் மவுஸும் வேலை செய்தன, இரண்டு மானிட்டர் மட்டும் கறுப்பு. டிரைவரை அழித்துப் போட்டேன், டாக்கின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், இரண்டு நாள் போயிற்று. டாக்தான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பழைய கேபிளோடு சேர்த்து நண்பரிடம் கொடுத்துவிட்டேன். புது டாக் வந்தது. அதிலும் அந்த நீளக் கேபிளையே செருகினேன். அதே கறுப்பு.

அப்போதுதான் கேபிள் வந்த அட்டையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் பெரிதாக "100 வாட்". பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் "480 எம்பிபிஎஸ்". அந்த அட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தது இன்னும் மனதில் உறுத்துகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செம்புக்கம்பி:
அது சார்ஜ் கேபிள். 480 எம்பிபிஎஸ் என்பது பழைய யூஎஸ்பி 2.0-இன் வேகம். உள்ளே மின்சாரத்துக்கும் யூஎஸ்பி 2.0-க்கும் மட்டும்தான் கம்பி இருக்கும், படம் போகிற அதிவேக ஜோடிகளே இருக்காது. அதனால்தான் கீபோர்டு வேலை செய்தது.

எனக்கு வினை நீட்டிப்பு கேபிளால் வந்தது. ஒரு பக்கம் ஆண் முனை, மறுபக்கம் பெண் முனை. ஏற்றி இறக்கும் மேசை என்னுடையது. மேசையை ஏற்றினால் படம் போகும், இறக்கினால் வரும். வேலைக்கான நேர்காணல் நடந்துகொண்டிருந்தபோது திரை போய்விட்டது. இணைப்பை இடது கையால் அழுத்திப் பிடித்ததும் படம் வந்தது. விட்டால் போய்விடும். அப்படியே பிடித்தபடி 40 நிமிடம் பேசினேன். என்ன கேட்டார்கள் என்பது மறந்துவிட்டது, கட்டைவிரலில் ஏறிய சூடு மறக்கவில்லை. யூஎஸ்பி-சி விதிமுறையில் அப்படி ஒரு நீட்டிப்பு கேபிளுக்கு இடமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இரவுப்பணி:
நான் வாங்கியது 3 மீட்டர். படம் வந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரை ஒரு நொடி அணைந்து திரும்ப வரும். இரவு முழுக்க அட்டவணைகளைப் பார்க்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு தடவையும் எந்த வரியில் இருந்தேன் என்று முதலிலிருந்து தேட வேண்டும். நீளக் கேபிள் என்றாலே தொல்லைதான். 1 மீட்டரைத் தாண்டாதீர்கள்.

தட்டச்சு:
இரவுப்பணி சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. நான் 2 மீட்டர் தண்டர்போல்ட் 4 (அதே யூஎஸ்பி-சி முனையில் வரும் அதிவேக இணைப்பு வகை) கேபிளில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டு 4கே திரையும் 60 ஹெர்ட்ஸில் ஓடுகின்றன. சிக்கல் நீளத்தில் மட்டும் இல்லை. 40 ஜிபிபிஎஸ் வேகத்தைச் சாதாரண செம்புக் கேபிள் ஏறக்குறைய 0.8 மீட்டர் வரைதான் தாங்கும். அதே வகைக் கேபிளை 2 மீட்டராக்கினால் 20 ஜிபிபிஎஸ்தான். அதற்கு மேல் வேண்டுமானால் முனைக்குள் சிக்னலைத் தூக்கிவிடும் சிப் இருக்கிற ஆக்டிவ் கேபிள் வேண்டும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். முதலில் வாங்கியது தண்டர்போல்ட் 3 காலத்து 2 மீட்டர் ஆக்டிவ் கேபிள். டாக்கில் அருமையாக ஓடியது. ஒருநாள் அதே கேபிளில் வெளியே மாட்டும் சாதாரண எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டி 200 ஜிபி நகலெடுத்தேன். வினாடிக்கு 40 எம்பி! குட்டிக் கேபிளில் சில நிமிடத்தில் முடிகிற வேலை, ஒன்றரை மணி நேரம் இழுத்தது. அந்தக் கேபிள்கள் தண்டர்போல்ட் இல்லாத சாதனத்தைக் கண்டால் யூஎஸ்பி 2.0-க்கு இறங்கிவிடும். தண்டர்போல்ட் 4-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

ஆகவே வாங்கும்முன் உங்கள் டாக் எந்த வகை என்று பாருங்கள். தண்டர்போல்ட் டாக்கா, டிஸ்பிளேபோர்ட் என்ற படச் சிக்னலை நேரடியாக அனுப்பும் சாதாரண யூஎஸ்பி-சி டாக்கா, டிஸ்பிளேலிங்க் டாக்கா? கடைசி வகை படத்தையும் டேட்டாவாகச் சுருக்கி அனுப்பும், அதனால் கேபிள் விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முனையில் மின்னல் குறியும் 4 என்ற எண்ணும் இருந்தால் முதல் இரண்டு வகைக்கும் ஆகும். வாட்டையும் பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் போக, 5 ஆம்பியர் தாங்கும் என்று சொல்லும் இ-மார்க்கர் சிப் கேபிளுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய லேப்டாப்பில் வேலை செய்யச் செய்யவே பேட்டரி இறங்கும்.

இரவுப்பணி:
என் கேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒரு குறியும் இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3 மீட்டரில் மின்னல் குறி போட்ட கேபிள் கிடைப்பது அரிது. அதனால்தான் நீளம் வேண்டாம் என்றேன்.

வெள்ளைத்திரை:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏன் லேப்டாப் பக்கத்துக் கேபிளையே நீட்டுகிறீர்கள்? மின்சாரம், படம், டேட்டா மூன்றும் ஒன்றாகப் போகிற கேபிள் அது ஒன்றுதான். அதைக் குட்டையாகவே விடுங்கள். டாக்கை லேப்டாப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மானிட்டருக்குப் போகிற ஹெச்டிஎம்ஐ கேபிளை 3 மீட்டர் ஆக்குங்கள், அதற்கு அது பெரிய தூரமே இல்லை. செம்புக்கம்பி, உங்கள் மேசைக்கு இன்னும் எளிது: டாக்கைப் பலகையின் அடியில் திருகி மாட்டிவிட்டால் மேசையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். தரைக்குப் போகிற மின் கம்பி ஒன்றை மட்டும் தாராளமாகத் தொங்க விடுங்கள். நான்கு வருடமாக என் டாக் அப்படித்தான் இருக்கிறது.

மாடியறை:
எல்லோருக்கும் நன்றி. 2 மீட்டரில் மின்னல் குறி, 4 போட்ட கேபிள் வந்து சேர்ந்தது. பழையதைவிட ஒன்றரை மடங்கு தடிமன், சுருட்டினால் முறுக்கிக்கொண்டு நிமிர்கிறது. செருகிய கையோடு இரண்டு திரையும் வந்தன.

பழைய டாக்கை வாங்கிய நண்பரை நேற்று அழைத்தேன். முதல் நாளிலிருந்தே அந்தக் குட்டிக் கேபிளில் நன்றாக ஓடுகிறதாம். "இதை ஏன் செத்துப்போச்சு என்று கொடுத்தாய்?" என்று கேட்டார். புதியதை அவருக்குக் கொடுத்துவிட்டு அதைத் திரும்பக் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை.