மறு: கைது – சங்கப் பணம் ஏன் இன்னும் போகவில்லை

உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் நம் பிள்ளையைக் கொன்ற வழக்கில் வியாழக்கிழமை ராத்திரி கைதுச் செய்தி வந்ததிலிருந்து இங்கே நூற்றுக்கு மேல் மடல் வந்துவிட்டது. 2018ல் கஜா புயல் அடித்தபோதுகூட இவ்வளவு வரவில்லை. அப்போது தார்ப்பாய் எத்தனை, லாரி யார் பிடிப்பது என்பதோடு பேச்சு முடிந்தது. "பொருளாளர் தூங்குகிறாரா?" என்று நியூஜெர்சி மச்சான் கேட்டிருக்கிறார். தூங்கவில்லை மச்சான். மஸ்கட்டில் இப்போது விடியற்காலை மூன்றரை, ஊரில் ஐந்து. தினமும் இந்நேரத்துக்கு அப்பா போன் பண்ணிவிடுவார். நாலு நாளாக அவரும் பண்ணுவதில்லை.

கும்பாபிஷேகம் போக மீதி, கணக்கில் 3,41,000 ரூபாய் இருக்கிறது. அதில், அவனைப் பிடித்த போலீஸ்காரர்களுக்கு ஒரு லட்சம் பரிசு, கடைத்தெருவில் பிள்ளை படத்தோடு பெரிய பிளக்ஸ், இரண்டும் கேட்டிருக்கிறீர்கள். கைதானவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கத்துக்கு நம் லெட்டர்பேடில் கடிதம் போகவேண்டும் என்கிறீர்கள். அபுதாபியிலிருந்து ஒரு தம்பி, அவன் வீட்டை இடிக்க ஜேசிபி வாடகையைத் தானே தருவதாக எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே பதினாறு பேர் 'நானும்' என்று போட்டிருக்கிறார்கள். பதினாறையும் எண்ணினேன். என் தம்பி பெயரும் இருக்கிறது.

எதையும் நான் அனுப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை காணாமல் போன அன்று ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஒரு படம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் பஸ் ஸ்டாப்பில் நாலு வடக்கத்திப் பையன்கள், கையில் பை. "பிள்ளை பிடிக்கிற கும்பல், உஷார்" என்று மேலே எழுதியிருந்தது. ஊர் வாட்ஸப்பிலிருந்து எடுத்து இந்தக் குழுவில் போட்டது நான்தான். இங்கே மட்டுமில்லை, எங்கள் பள்ளிக்கூட செட் குழுவிலும், மன்னார்குடிப் பக்கத்து வியாபாரிகள் குழு ஒன்றிலும் போட்டேன். போட்டுவிட்டு, ஊருக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி சாப்பிடப் போனேன்.

அந்த நாலு பேரும் மேற்கு வங்காளத்திலிருந்து தாளடி நடவுக்கு வந்தவர்கள். நம் பெண்டுகள் நூறு நாள் வேலைக்கும் திருப்பூருக்கும் போனபிறகு, நம் பக்கம் பாதி வயலை நடுவது அவர்கள்தான், தெரியாதவர் யாரும் இங்கே இல்லை. அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் நட்டது என் சித்தப்பா வயலில். சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு அரிசியும் உருளைக்கிழங்கும் வாங்க பஸ் ஸ்டாப் கடைக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பைதான் படத்தில் இருந்த பை. ராத்திரி பதினொன்றுக்கு மோட்டார் கொட்டகையில் படுத்திருந்தவர்களை இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஒருவனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்துவிட்டது. வயசு இருபதுகூட இருக்காது என்கிறார் சித்தப்பா.

மறுநாள் சித்தப்பா போன் பண்ணினார். "படத்தை நீயும் போட்டியாமே?" என்றார். போட்டேன் என்றேன். வைத்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் அத்திமூரில் 2018 மே மாதம் நடந்ததை மறந்துவிட்டோம். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் காரில் போன குடும்பம், வழி கேட்க நிறுத்திய இடத்தில் அறுபத்தைந்து வயது அம்மா ஒருத்தர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். காரில் மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு லீவுக்கும் பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்து தெருவில் நின்று கொடுக்கிற ஆட்கள் நாம். அந்தக் காரில் இருந்தது நம் மாதிரி ஆட்கள்தான்.

இனி கைது.

மூன்றாம் நாள் காலை, வாய்க்கால் மதகைப் பார்க்கும் லஸ்கர் வந்து மதகுப் பலகையை இறக்கி, வாய்க்காலில் தண்ணீர் வடிந்தபிறகு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நான் எழுதப்போவதில்லை. இங்கே சிலர் எழுதினீர்கள், அதை எழுதியிருக்க வேண்டாம். அந்த இரண்டு ராத்திரியும் மழையில் டார்ச் அடித்துக்கொண்டு தேடியவர்களில் ஒருவன்தான் இப்போது ரிமாண்டில் இருக்கிறான். வடக்கத்தியான் இல்லை, வெள்ளை வேன் இல்லை. நம் தெரு. கும்பாபிஷேகப் பந்தலுக்கு மூங்கில் சுமந்தவன். போன ஜூனில் ஊருக்குப் போயிருந்தபோது என் மகளுக்கு நுங்கு சீவிக் கொடுத்தான். கண்ணை நோண்டிக் கட்டைவிரலால் எப்படி எடுத்துத் தின்பது என்று சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அவள் இன்னும் அதைப் பேசுகிறாள். செய்தியை அவளிடம் நானோ அவள் அம்மாவோ இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிமடல் போடுங்கள்.

அதனால், "பொருளாளருக்கு அவன்மேல் இரக்கம்" என்று எழுதிய பெங்களூர் அண்ணனுக்கு: இரக்கம் இல்லை அண்ணே. எனக்கு அவனை நினைத்தால் கை நடுங்குகிறது. ஆனால் அவன்தானா, தனியாகத்தானா, எதற்காக என்பது நீதிமன்றத்தில்தான் தெரியவேண்டும். இங்கே வந்த மடல்களிலேயே மூன்று வெவ்வேறு காரணம் இருக்கிறது. தோட்டுக்காக, பங்காளிச் சண்டைக்காக, இன்னொன்றை நான் திருப்பி எழுதமாட்டேன். மூன்றையும் எழுதியவர்கள் ஊரிலிருந்து குறைந்தது மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்கள்.

வக்கீல் சங்கத்துக்குக் கடிதம் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அப்படித் தீர்மானம் போட்டால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது, அதுவும் கோயம்புத்தூரில் கிளம்பிய ஒரு வழக்கில். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். 2017ல் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணைக் கொன்ற வழக்கு. மறுவருஷமே செங்கல்பட்டில் தூக்குத் தண்டனை, சில மாதத்தில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. நாமெல்லாம் அப்போது கைதட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுதலை செய்துவிட்டது. சாட்சியத்தில் இருந்த ஓட்டைகளோடு, எதிரித் தரப்பு வக்கீலுக்குத் தயாராகப் போதிய அவகாசம் கொடுக்காததையும் தீர்ப்பில் குறையாகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் எட்டு வருஷம் கழித்து அதைக் கேட்டிருக்கிறார்கள். நம் பிள்ளையின் அப்பாவுக்கு அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்றால், அவனுக்கு ஒரு நல்ல வக்கீல் கிடைக்கட்டும் என்றுதான் நாம் வேண்டிக்கொள்ள வேண்டும். கேட்க வயிறு எரிகிறதுதான்.

"கோயம்புத்தூர் மாதிரி முடிச்சு விட்டிருக்கணும்" என்று ஏழு மடல். 2010ல் பள்ளிக்கூடம் போன அக்காளையும் தம்பியையும் கடத்திக் கொன்ற வழக்கைச் சொல்கிறீர்கள். கைதான இரண்டு பேரில் ஒருவன் பத்துப் பன்னிரண்டு நாளில் போலீஸ் துப்பாக்கியில் செத்தான், ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள். இன்னொருவனுக்கு விசாரணை நடந்து, 2019ல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. அதில்கூட மூன்று நீதிபதியில் ஒருவர் ஆயுள் போதும் என்றார். யார் என்ன செய்தார்கள் என்று இன்றைக்கும் எடுத்துப் படிக்க அந்தத் தீர்ப்பு இருக்கிறது. செத்தவனைப் பற்றி நம்மிடம் இருப்பது போலீஸ் சொன்னது மட்டும்.

லண்டன் அண்ணன், "மனுநீதிச் சோழன் ஆண்ட மண்ணடா இது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். அண்ணே, ஏழாம் வகுப்பில் நீங்களும் நானும் ஒரே பஸ்ஸில்தான் திருவாரூர் போய் அந்தக் கல்தேரைப் பார்த்தோம். பசுவின் கன்றுக்காக ராஜா தேரை ஏற்றியது தன் பிள்ளை மேல். ஊரான் வீட்டை இடிக்க ஜேசிபி வாடகைக்கு எடுக்கவில்லை.

அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று யாராவது விசாரித்தீர்களா? அவன் அம்மாவும் தங்கச்சியும். தங்கச்சிக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது, மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமையே போன் பண்ணிவிட்டார்களாம். அந்த அம்மா காலையில் கறந்த பாலை எடுத்துப்போனால், வாங்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வாய்க்காலில் ஊற்றிவிட்டுப் போனாளாம். என் அப்பாயி படுத்த படுக்கையாக இருந்தபோது எட்டு மாதம், கூலி வாங்காமல், காலையும் மாலையும் வந்து புரட்டிப் படுக்கவைத்தது இந்த அம்மாதான். ஜேசிபிக்கு 'நானும்' போட்ட என் தம்பி அப்போது ஊரில்தான் இருந்தான்.

அவளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லவில்லை. பாலையாவது வாங்குங்கள் என்று உங்கள் உங்கள் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். மாடு என்ன செய்தது?

பிளக்ஸ் விஷயம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளிக்கூடம், விலாசம் எதையும் வெளியிடக் கூடாது என்று 2015ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 74ம் பிரிவே இருக்கிறது. ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டு லட்சம் வரை அபராதம். ஆனால் சட்டத்துக்காக நான் சொல்லவில்லை. சனிக்கிழமை அந்த அப்பாவிடம் பேசினேன். என்ன வேண்டும், என்ன செய்யட்டும் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பின்னால் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் சொன்னான்: "அண்ணே, அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லுங்கண்ணே. வீட்ல அவ போனத் தொறந்தாலே அதான் வருது. ஒவ்வொருத்தரும் மெழுகுவத்தி வச்சு, பூ வச்சு அனுப்புறாங்க. அவ ஒவ்வொண்ணையும் பெருசு பண்ணிப் பாக்குறா."

அதற்குமேல் என்னால் எதுவும் கேட்கமுடியவில்லை.

ஆகவே நான் செய்யலாம் என்று நினைப்பது இது. போலீஸுக்குப் பரிசு வேண்டாம். அது அவர்கள் வேலை, தவிர வழக்கு நடக்கும்போது ஊர்ப் பணம் போலீஸ் கைக்குப் போனது என்று எதிர்த்தரப்பு கேட்டால் நாம் பதில் சொல்லமுடியாது. அரசு வக்கீலுக்கு உதவியாகக் குடும்பம் தன் செலவில் ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. அவர் ஃபீஸுக்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கலாம். இப்படிப்பட்ட வழக்கில் தொண்ணூறு நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் கைதானவன் ஜாமீன் கேட்க உரிமை வந்துவிடும். நாள் எண்ணிக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும், அந்த வக்கீல் அதைப் பார்ப்பார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக அரசு இழப்பீட்டுக்கு மனுப் போட வேண்டும். ஊரில் ரிட்டயர் ஆகி இருக்கும் நம் ஹெட்மாஸ்டர் சார் கூடப்போகச் சம்மதித்திருக்கிறார், பஸ் செலவுகூட வேண்டாம் என்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் கேமரா வைக்க என்று பேசி விட்டுப்போன விஷயத்தை இப்போது எடுக்காதீர்கள், பிறகு பார்க்கலாம்.

கை உடைந்த பையனுக்கு இருபத்தைந்தாயிரம். இதில் பத்தாயிரம் என் சொந்தப் பணம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தப் படத்தை மேலே அனுப்பியவர்கள் யார் யார் என்று எனக்குப் பட்டியல் தெரியும். கேட்கமாட்டேன்.

விதிப்படி மூன்று கையெழுத்து வேண்டும். சிங்கப்பூர் தலைவரும் செயலாளர் அக்காவும் ஞாயிறு இந்திய நேரம் ராத்திரி எட்டு மணிக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுதிவிடுங்கள். வேண்டாம் என்றால் நான் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன், கோபமில்லை.

பிள்ளை படத்தை எல்லோரும் உங்கள் போனிலிருந்தும், குழுவிலிருந்தும், முகநூல் முகப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று இங்கே வந்து எழுத வேண்டாம்.

உங்கள்,
மேலத்தெரு, தபால்காரர் வீட்டு மூத்தவன்
மஸ்கட்

பி.கு.: நாலு பேரில் மூன்று பேர் ரயிலேறிவிட்டார்கள். கட்டுப் போட்டவன் மட்டும் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் இருக்கிறான், செவ்வாய்க்கிழமை மறுபடி எக்ஸ்ரே. அவன் பாஸ்புக்கை சித்தப்பா போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி பெயர் எழுதியிருக்கிறது. வங்காளி எழுத்து தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பணம் திரும்பி வந்துவிடக் கூடாது.