மறுமொழி: ‘இன்டர்னல் பல்ஸ்’ என்பதற்கு ‘உள்நடை’

அன்புடையீர், வணக்கம்.

இசை பயில்வோருக்கான லயப் பயிற்சிக் கையேட்டில் ‘இன்டர்னல் பல்ஸ்’ என்று வரும் இடங்களுக்கு உட்துடிப்பு, உள்நாடி, அகத்தாளம் என்னும் மூன்று சொற்கள் இக்கலைச்சொல் உரையாடல் இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே காதுக்கு இனியவைதாம். ஆயினும் அவை குறிக்கவேண்டிய திறன் எது என்பதை முதலில் வரையறுத்துக்கொண்டால், தேர்வு எளிதாகும் என்று கருதுகிறேன்.

வெளியிலிருந்து எந்த ஒலியும் அடி எடுத்துக் கொடுக்காதபோதும், வாசிப்பவரோ பாடுபவரோ தமக்குள் காலத்தைச் சமமாக அளந்துகொண்டே இருப்பதுதான் இத்திறன். விரைவான சங்கதிகளில் (ஒரே வரியை வேறுவேறு விதமாக விரித்துப் பாடும் இடங்களில்) இது தென்படுவதில்லை; அங்கே சுரங்களே ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. சுரத்தை நீட்டி நிறுத்தும் நீண்ட கார்வையிலும், இரண்டு மூன்று அடிகள் வெறுமையாகச் செல்லும் இடத்திலும், அதன்பின் மீண்டும் தொடங்கும் இடமாகிய எடுப்பிலுமே ஒருவரிடம் இது இருக்கிறதா இல்லையா என்பது தெரிகிறது. கடினமான இடத்தைப் பிசகின்றி வாசித்துவிட்டு அடுத்து வரும் அமைதியில் அரை அடி முந்திவிடுபவர்கள் எல்லா இசை மரபுகளிலும் உண்டு.

இந்த வரையறையோடு பார்த்தால் ‘உட்துடிப்பு’ எனக்கு உவப்பாக இல்லை. துடிப்பு தானாக நிகழ்வது. நாம் பேசும் திறனோ பழகிப் பெறுவது. அதனினும் பெரிய தடை, பதற்றத்தில் இதயத் துடிப்பு விரைவதும் மேடையில் வாசிப்பவர் காலப்பிரமாணத்தை, அதாவது எடுத்துக்கொண்ட வேக அளவை, விட்டு ஓடுவதும் பெரும்பாலும் ஒரே வேளையில் நிகழ்வன என்பது. துடிப்பையே இத்திறனுக்குப் பெயராக்குவது நோயின் பெயரை மருந்துக்கு இடுவது போலாகும். ‘உள்நாடி’க்கும் இதே மறுப்புப் பொருந்தும்.

‘அகத்தாளம்’ வேறு வகையில் இடறுகிறது. தாளம் என்றால் ஆவர்த்தனமும் (ஒரு முழுச் சுற்று) அங்கங்களும் (அதன் உறுப்புகள்) கொண்ட ஒரு சுழற்சி. ஒருவர் எட்டு எண்ணிக்கையையும் கையில் தவறாமல் போட்டு முடிக்கலாம். ஆனால் ஐந்தாவது எண்ணிக்கையிலிருந்து வேகம் சிறிது சிறிதாகக் கூடியிருக்கலாம். அங்கே தாளம் சரி, காலம் தவறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே கையேட்டுக்குத் தனிச்சொல் தேவைப்படுகிறது. அகத்தாளம் அவற்றை மீண்டும் ஒட்டவைத்துவிடுகிறது.

நான் முன்மொழிவது ‘உள்நடை’. நடை என்பது அடிக்கும் அடிக்கும் இடையிலான காலத்தை எத்தனையாகப் பகுத்து நடத்துகிறோம் என்பதைக் குறிக்க இசையில் ஏற்கெனவே வழங்கும் சொல். பகுக்காமல் காலத்தை அளக்கவே முடியாது என்பதுதான் இத்திறனின் சாரம். சீராக அடி ஒலிக்கும் கருவியான மெட்ரனோமில் நிமிடத்துக்கு 40 என்று வைத்தால் இரண்டு ஒலிகளுக்கு இடையே ஒன்றரை நொடி. அதை வெறுமையாக விட்டுக் காத்திருப்பவர் அடுத்த ஒலியை ஊகிக்கிறார். மனத்துக்குள் ‘தகிட’ என்று மூன்றாகப் பகுப்பவர் அரை நொடிக்கு ஒருமுறை கால் ஊன்றி அவ்விடத்துக்கு நடந்தே வந்து சேர்கிறார். அரை நொடியை ஒட்டிய இடைவெளிகளைத்தான் மனிதர்கள் மிக எளிதாகச் சீராகப் பற்றுகிறார்கள். இடைவெளி ஏறத்தாழ 2 நொடியைத் தாண்டினால், ஒலிகள் ஒரு தொடராகவே தோன்றாமல் தனித்தனியே உதிர்ந்துவிடுகின்றன.

இதில் முன்னுணர்தலும் அடங்கியிருக்கிறது. மெட்ரனோம் ஒலிக்கு ஒத்து விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஒலிக்குச் சில பத்து மில்லிநொடிகள் முன்னதாகவே தட்டிவிடுவதை ஆய்வாளர்கள் பலகாலமாகப் பதிவு செய்துள்ளனர். இசைப் பயிற்சி உடையவர்களிடம் இந்த முந்தல் குறைவு. ஒலியைக் கேட்டபின் தட்டுவதானால் பிந்தத்தான் முடியும், முந்த முடியாது. நம் இலக்கண மரபு இதை நெருங்கிப் பார்த்திருக்கிறது. மாத்திரைக்குக் கண்ணிமையையும் கைநொடியையும் தொல்காப்பியம் அளவாகச் சொல்ல, நொடித்தலைப் பின்னும் நான்காகப் பகுத்து “உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே” என்கிறது ஒரு பழஞ்சூத்திரம் (உன்னல் என்பது நினைத்தல்). ஓசை பிறப்பது விரலை விடுக்கும்போதுதான். கணக்கோ நினைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இதைப் பின்பற்றி ‘உன்னடி’ என்று ஆக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். ‘உன் அடி’ என்றுதான் எல்லோரும் படிப்பார்கள் என்பதால் கைவிட்டேன்.

சொல் பயிற்சிக் குறிப்புகளில் இயல்பாக உட்காருகிறதா என்பதையும் சோதிக்கவேண்டும். கையேட்டின் முதன்மைப் பயிற்சியை இப்படி எழுதிப் பார்த்தேன்: “80 வேகத்தில் வாசிக்கும் பகுதியை எடுத்துக்கொள்க. மெட்ரனோமை 40-இல் வைத்து, அதன் ஒலியை இரண்டாம், நான்காம் அடிகளாகக் கொண்டு வாசிக்க. பின்னர் 20-இல் வைத்தால் 3 நொடிக்கு ஒருமுறை, நான்கு அடிகளுக்கு ஓர் ஒலியே கேட்கும். இடையிலுள்ளவற்றை உள்நடையே சுமக்கவேண்டும். ஒலிக்கு முன்னரே நீங்கள் சேர்ந்துவிட்டால் உள்நடை ஓடுகிறது. ஒலி உங்களுக்கு முன் வந்துவிட்டால் உள்நடை இழுக்கிறது. வாசிப்பைப் பதிவு செய்து கேட்டு, விலகல் எந்த அடியில் தொடங்குகிறது என்று கண்டறிக.” ஓடுதல், இழுத்தல் என்று பயிற்சி அறையில் அன்றாடம் சொல்லும் வினைகள் நடையோடு தாமாகப் பொருந்துகின்றன. துடிப்பு இழுக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மெட்ரனோமை மெட்ரனோம் என்றே விட்டுவிடலாம். 1815-இல் மெல்சல் காப்புரிமை பெற்ற கருவி அது. பெயரை மாற்றுவதால் மாணவருக்கு எந்தப் பயனும் இல்லை.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதே. எனினும் இரண்டு ஐயங்கள். சதுச்ர (நான்கு) நடை, திச்ர (மூன்று) நடை என்று கற்ற மாணவர், உள்நடை என்பதை நடைக்குள் அமையும் இன்னொரு நடையாக, அதாவது நான்கை மீண்டும் இரண்டாக்குவதாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. அடுத்து, புணர்ச்சி. உள் + நடை இலக்கணப்படி ‘உண்ணடை’ என்றாகும். அதனை அப்படி எழுத முடியாது. எழுதினால் உணவோடு தொடர்புபடுத்திவிடுவார்கள். ‘காலவுணர்வு’ என்பதில் இவ்விரு இடரும் இல்லையே?

—

அன்புடையீர்,

புணர்ச்சியைப் பொறுத்தவரை உள்நாடு, உள்நோக்கம் ஆகியவை புணராமலே நிலைபெற்றுவிட்டன. உள்நடையும் அவ்வழியே செல்லட்டும். கண்டிப்பாகப் புணர்த்தவேண்டும் என்றால், உட்துடிப்பும் ‘உட்டுடிப்பு’ ஆகவேண்டும்.

காலவுணர்வு மிகவும் அகன்ற சொல். ஒரு மணி நேரம் கடந்ததை உணர்வதும், பொழுது போனதே தெரியாமல் இருப்பதும்கூட அதற்குள் வந்துவிடும். உளவியலுக்கு அச்சொல் தேவைப்படும், அவர்களுக்கே விட்டுவிடுவோம். ‘லய ஞானம்’ என்பதையும் நான் முன்மொழியாததற்கு இதுவே காரணம்: காலப்பிரமாணம், கணக்கு, எடுப்பு, முத்தாய்ப்பு (முடிப்பு) எல்லாவற்றையும் தழுவிய முழுமையான அறிவுக்கு அது பெயர், உள்நடை அதன் ஒரு கூறு.

நடைக்குள் நடை என்னும் மயக்கம் உண்மையானது, அதை மறுக்கவில்லை. அதனைத் தீர்க்க, அடியைச் சிறு கூறுகளாகப் பகுப்பதைக் குறிக்கும் ‘சப்டிவிஷன்’ வரும் இடங்களில் வெறும் நடை என்று எழுதாமல் ‘நடைப்பகுப்பு’ என்று எழுதி, இரண்டு சொற்களையும் முதல் இயலிலேயே அருகருகே வரையறுக்கலாம். பதிவுக்கான வரைவு:

உள்நடை (பெயர்): வெளி ஒலியின் துணையின்றி, அடிகளுக்கு இடைப்பட்ட காலத்தை மனத்துள் சமமாகப் பகுத்து, அடுத்த அடியை முன்னுணர்ந்து செல்லும் பயின்ற திறன். எ.கா.: ‘கார்வையில் உள்நடை தளர்ந்ததால் எடுப்பு பிந்தியது.’

இதன் சொல்லமைப்பில் திருத்தம் வேண்டுவோர் தெரிவிக்கவும். உடலை அசையத் தூண்டும் தாள ஓட்டமாகிய ‘குரூவ்’ என்பதற்கு என்ன சொல் என்னும் கேள்வியைத் தனி இழையில் பேசுவோம். அதற்குச் சிலர் சொன்ன ‘தாளக்கட்டு’ என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.