மறு: 'லோ மெயின்டெனன்ஸ்' தவளைக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பசங்களுக்கான ஒரு கையேடு மொழிபெயர்த்துட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். முதல்முதலா தவளை வளர்க்கறவங்க எதை எடுக்கலாம்ங்கறதுதான் விஷயம், சின்னதா லோ மெயின்டெனன்ஸா இருக்கற ட்ரீ ஃப்ராக் நல்லதுன்னு சொல்றாங்க. மரத்தவளைன்னு போட்டுட்டேன். லோ மெயின்டெனன்ஸுக்கு 'குறைபராமரிப்பு', பெட் ஃப்ராக்குக்கு 'செல்லத்தவளை', விரல் நுனில வட்டமா இருக்குமே அந்த டோ பேடுக்கு 'பசைவிரல்'. சரியான்னு பார்த்து சொல்லுங்க.

---

> குறைபராமரிப்பு

அம்மா, இது வேண்டாம். 'குறை'யை வினைத்தொகையா எடுத்தா குறைந்த, குறைகின்ற, குறையும்னு முக்காலமும் விரியும், அதாவது நாளாக நாளாக கவனிப்பு குறைஞ்சுட்டே போகுதுன்னு ஆயிடும். பெயரா எடுத்தா குறையுள்ள பராமரிப்பு. ரெண்டுமே தவளைக்கு ஆபத்து. பராமரிப்பும் தமிழ் இல்ல. எளிமை + வளர்ப்பு, மை ஈறு கெட்டு 'எளிவளர்ப்பு'ன்னு வைங்க, எளிநடை மாதிரி. செல்லத்தவளைக்கு 'வளர்தவளை'. மரத்தவளையை 'மரநுணல்'னு மாத்தினா ஒரு பழஞ்சொல்லுக்கு உயிர் வரும்.

தவளைங்கற சொல்லே தவ்வுதல்ல இருந்து வந்ததுன்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன். நன்னூல்ல சூத்திர நிலைக்கு ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வுன்னு நாலு சொல்றாங்க இல்லையா, நடுவுல இருக்கறதை விட்டுட்டு தள்ளிப் போய் பொருந்தற சூத்திரத்துக்கு தவளைப்பாய்த்துன்னு பேர். பாய்ச்சல்தான் அந்த உயிரோட அடையாளம், அதனாலதான் சொல்லும் அங்கிருந்து பிறந்துச்சு.

---

ஐயா, நுணல் இங்க பொருந்தாது. 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்'னு பழமொழி நானூறுல தெளிவா இருக்கு, மண்ணுக்குள்ள கிடக்கறதை மரத்துல ஏத்தினா எப்படி? மரத்தவளைன்னா ஒரு குழந்தைக்கு சட்டுனு புரியும், அதை விடக்கூடாது. அப்புறம் நீங்க 'குறை'க்கு சொன்ன அதே வாதம் 'வளர்தவளை'க்கும் வரும், வளர்ந்த, வளர்கிற, வளரும் தவளைன்னா அது பாட்டுக்கு தானா வளர்ற தவளை, நாம வளர்க்கறது எங்க வந்துச்சு? 'வளர்ப்புத் தவளை' போதும், நடுவுல ஒரு த் போட்டா இலக்கணமும் சரி.

தவ்வுதல் பத்தி, இந்த மரத்தவளைங்க பாயறதை விட ஏறறதுதான் அதிகம், அதனால தவழ்தல்ல இருந்து வந்திருக்கலாம்னு எனக்கு ஒரு எண்ணம்.

---

தம்பி, தவழ்தல்ல ழகரம், தவளைல ளகரம். இனமான இன்னொரு சொல்லுல அந்தத் திரிபு காட்டாம ஒத்துக்க முடியாது. காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

---

நான் மரத்தவளை வளர்க்கறவ, இலக்கணம் உங்க அளவுக்கு தெரியாது, ஆனா 'செல்லத்தவளை'ங்கறதை தயவுசெஞ்சு எடுத்துடுங்க. செல்லம்னா குழந்தை தூக்கிக் கொஞ்சும். தவளை தோல் வழியாதான் தண்ணி குடிக்குது, கொஞ்சம் மூச்சும் விடுது, நம்ம கையில இருக்கற உப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் அதுக்குள்ள போயிடும். குழாய்த் தண்ணில குளோரின் இருந்தா அதுவும் ஆகாது, நீக்கிட்டுதான் ஊத்தணும். இது பார்த்து ரசிக்கற உயிர், அதுவும் ராத்திரில. பகல்ல இலையோட ஒட்டி காலை மடக்கி கண்ணை மூடிட்டா ஒரு பச்சைக் கட்டி, அவ்ளோதான். விளக்கை அணைச்சப்புறம்தான் கண்ணாடில ஏறும், பின்பக்கமா நின்னு பார்த்தா வெளுத்த வயிறும் துடிக்கற தொண்டையும் தெரியும், பூச்சியை விழுங்கும்போது ரெண்டு கண்ணும் உள்ள அமுங்கி இரையைத் தள்ளிவிடும்.

'பசைவிரல்' தப்பான அறிவியல் ஆயிடும். அங்க பசையும் இல்ல, உறிஞ்சறதும் இல்ல. நுண்ணோக்கில பார்த்தா அறுகோண செல்களும் அதுங்களுக்கு நடுவுல வாய்க்கால் மாதிரி பள்ளமும் இருக்கும், அதுல ஓடற மெல்லிய ஈரப்படலம்தான் பிடிப்பு. 'விரல்திண்டு'ன்னு வைங்க, எப்படி ஒட்டுதுன்னு சொல் எதையும் உளறாது.

எளிவளர்ப்புலயும் எனக்கு மனசு ஒப்பல. மரத்தவளை எளிதுதான், எப்படின்னா தினமும் தீனி வேண்டாம், வளர்ந்ததுக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் சில சில்வண்டு போதும், ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற இடைவெளியை விட பெருசா இல்லாம. ஆனா அந்தப் பூச்சி மேல கால்சியம், வைட்டமின் டி3 பொடி தூவாம விட்டா எலும்பு வளைஞ்சு போயிடும். அகலத்தை விட உயரமான தொட்டி வேணும், தண்ணி தெளிச்சு ஈரம் காக்கணும், கழிவை அள்ளணும். எளிதுன்னு அட்டையில படிச்சவங்க இதையெல்லாம் உள்ள படிப்பாங்களா?

---

ரொம்ப நன்றி அக்கா, செல்லத்தை எடுத்துட்டேன், விரல்திண்டும் எடுத்துக்கறேன். இன்னொரு சந்தேகம், 'ஒயிட்ஸ் ட்ரீ ஃப்ராக்'னு ஒண்ணு வருது, 'வெள்ளை மரத்தவளை'ன்னு போட்டிருக்கேன்.

---

ஐயோ வேண்டாம், அது ஆள் பேர். ஜான் ஒயிட்னு ஒரு கப்பல் மருத்துவர் 1790-ல அந்த ஆஸ்திரேலியத் தவளையை விவரிச்சு எழுதினார். உடம்பு பச்சை, அறிவியல் பேர்ல 'கெருலியா' வருது, அது லத்தீன்ல நீலம். பாதுகாக்க ஊத்தின திரவத்துல நிறம் மாறின மாதிரியை பார்த்து வெச்ச பேர்னு சொல்வாங்க. பச்சைத் தவளை, நீலப் பேர், இப்ப நாம வெள்ளையும் சேர்க்க வேண்டாம், 'ஒயிட் மரத்தவளை'ன்னே இருக்கட்டும். ஆனா அது 10 செ.மீ. வரைக்கும் வளரும், 15 வருஷத்துக்கு மேலயும் இருக்கும், 'சின்னது'ங்கற பட்டியல்ல வராது. 6 செ.மீ.க்குள்ள நிக்கற அமெரிக்கப் பச்சை மரத்தவளை, சாம்பல் மரத்தவளை இதுங்கதான் சின்னது. செங்கண் மரத்தவளை சின்னதுதான், ஆனா ஈரப்பதம் தவறினா தாங்காது, முதல் தவளையா அதை சொல்லாதீங்க. எதுவா இருந்தாலும் வளர்ப்பிடத்துல பிறந்ததா வாங்கச் சொல்லி எழுதுங்க, காட்டுல பிடிச்சது நோயோட வரும்.

---

நாளைக்கு அனுப்பியாகணும். மரத்தவளை, வளர்ப்புத் தவளை, விரல்திண்டு மூணுக்கும் எதிர்ப்பு பெருசா இல்ல. லோ மெயின்டெனன்ஸுக்கு எளிவளர்ப்புன்னு நாலு பேர் சொல்லியிருக்கீங்க, அதையே அட்டையில போடறேன். அக்கா சொன்ன பொடி, தண்ணி, தொட்டி மூணையும் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துட்டேன்.

---

பெரும்பான்மைக்கு கட்டுப்படறேன் அம்மா. ஆனா வினைத்தொகையில தன்வினை பிறவினை பேதம் எப்பவும் இறுக்கமா இருந்ததில்ல, வளர்தவளைக்கு மேற்கோள் தேடிட்டு இருக்கேன், கிடைச்சா அனுப்பறேன்.

---

எளிவளர்ப்புக்கு என்னோட ஓட்டு இல்லைன்னு குறிச்சுக்கோங்க. 'அளவான கவனிப்பு போதும்'னு மூணு வார்த்தையா எழுதினா என்ன குறைஞ்சுடும்? அடுத்த பதிப்பு வரும்போது திரும்ப கேப்பேன்.