தேசிய அணிக்கு அடுத்த மேனேஜர்: பெரிய கிளப் பெயரா, உள்ளேயே வளர்ந்தவரா?

கார்னர்கொடி:
ஒரு தேசிய கால்பந்து அணியின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) பதவி காலியானதும் அடிபடுகிற பெயர்கள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய தொடரான சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த ஒருவர், தற்போது எந்த கிளப்பிலும் இல்லாத ஒரு பெரிய புள்ளி, அப்புறம் அந்த நாட்டின் பழைய நட்சத்திர வீரர். இளையோர் அணிகளை வருடக்கணக்காக நடத்தி வருபவரின் பெயர் கடைசியில்தான் வரும், அதுவும் "வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளட்டும்" என்கிற அளவில். ஆனால் 2022 உலகக் கோப்பையை ஜெயித்த அர்ஜென்டினாவின் ஸ்கலோனியும் சரி, யூரோ 2024 (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஜெயித்த ஸ்பெயினின் தே லா ஃபுவெந்தேயும் சரி, கிளப் பயிற்சியாளராகப் பெயர் வாங்கியவர்கள் இல்லை. இது தற்செயலா, இல்லை தேர்வு செய்பவர்கள் தப்பான இடத்தில் தேடுகிறார்களா? முடிவு உங்கள் கையில் இருந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

நடுகளத்தான்:
தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் இது வேறு வேலை. கிளப்பில் தினமும் பயிற்சி உண்டு, தேசிய அணியில் வருடத்துக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் பத்து நாள் போல வீரர்கள் கையில் இருப்பார்கள். அதிலும் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கிளப் மேட்ச் ஆடிவிட்டு, விமானத்தில் வந்து இறங்கி, முதல் இரண்டு நாள் ஓய்வுதான் எடுப்பார்கள். மாதக்கணக்கில் பழக்கி எடுக்க வேண்டிய பிரஸ்ஸிங் முறையை (பந்து வைத்திருக்கும் எதிரணியை உடனே நெருக்குவதை) அங்கே யாரும் நுழைத்துவிட முடியாது. ஆள் வாங்கவும் முடியாது. யூரோ 2024இல் இங்கிலாந்தின் இடது பக்க டிஃபெண்டர் ஷா காயத்தால் முதல் ஆட்டங்களுக்கு இல்லை என்றானதும் மேனேஜர் சவுத்கேட் வலதுகால் ஆட்டக்காரரான டிரிப்பியரை இடது பக்கம் நிறுத்தினார். அதனால் அந்தப் பக்கத் தாக்குதலே மந்தமானது எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் ஒரு கிளப் செய்வதுபோல ஜனவரியில் இன்னொருவரை வாங்கிப் போட அவருக்கு வழி கிடையாது.

அதனால் இருக்கிற வீரர்களை முன்பே ஆழமாகத் தெரிந்தவருக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. தே லா ஃபுவெந்தே 2015இல் 19 வயதுக்குட்பட்டோர் யூரோவையும் 2019இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவையும் ஜெயித்தவர். உனாய் சிமோன், ரோத்ரி, மெரீனோ, ஃபாபியான் ரூயிஸ், ஓல்மோ எல்லாம் அந்த அணிகள் வழியாக அவர் கையில் வளர்ந்தவர்கள். 2024 இறுதிப் போட்டியில் 86ஆவது நிமிடம் வெற்றி கோல் அடித்த ஒயார்சபாலும் 2019 அணியில் இருந்தவர்தான். எந்த வீரரிடம் எதைக் கேட்கலாம் என்று அவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டாப்பர்5:
ஜெயித்தவர்களை மட்டும் எடுத்துப் பேசினால் எதையும் நிரூபிக்கலாம் நண்பரே. டொமெனெக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிரான்ஸின் 21 வயதுக்குட்பட்டோர் அணியைப் பத்து வருடத்துக்கு மேல் நடத்திவிட்டுத்தான் 2004இல் மேலே வந்தார். 2006இல் இறுதிப் போட்டி வரை போனார், சரி. 2008 யூரோவில் முதல் சுற்றோடு வெளியே. 2010 உலகக் கோப்பையில் முன்கள வீரர் அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதும் வீரர்கள் பயிற்சிக்கே இறங்க மறுத்தார்கள். அமைப்புக்குள் வளர்ந்தவர் என்பதால் டிரெஸ்ஸிங் ரூம் அவர் பின்னால் நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

மறுபக்கமும் பாருங்கள். இத்தாலியின் லிப்பி (2006), ஸ்பெயினின் தெல் போஸ்கே (2010) இரண்டு பேரும் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்துவிட்டு வந்து உலகக் கோப்பையும் ஜெயித்தவர்கள். ஃப்ளிக்கின் கதை இன்னும் சிக்கலானது: 2014இல் ஜெர்மனியின் மேனேஜர் லோவின் உதவியாளராக உலகக் கோப்பை, 2020இல் பயர்ன் கிளப்போடு மூன்று கோப்பை, உள்ளேயும் தெரியும் வெளியேயும் தெரியும், இதைவிடச் சரியான ஆள் கிடையாது என்றார்கள். 2022இல் ஜெர்மனி முதல் சுற்றிலேயே போனது, 2023இல் அவரை நீக்கினார்கள்.

இடதுவிங்:
வெளிநாட்டவரா உள்நாட்டவரா என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். 1930 முதல் 2022 வரை 22 ஆண்கள் உலகக் கோப்பையையும் சொந்த நாட்டுக்காரரே பயிற்சியாளராக இருந்த அணிதான் ஜெயித்தது. இதை ஒரு விதி மாதிரி சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பை ஜெயித்த நாடுகளே எட்டுதான், அவை பெரும்பாலும் வெளியாளைத் தேடவே இல்லை. தேடிய இடங்களில் நடந்ததைப் பாருங்கள்: நெதர்லாந்துக்காரரான ஹிட்டிங்க் 2002இல் தென்கொரியாவை அரையிறுதிக்குக் கொண்டுபோனார், ஜெர்மன்காரரான ரேஹாகல் 2004 யூரோவை கிரீஸுக்கு வாங்கிக் கொடுத்தார். சிறிய அணிகளுக்கு வெளியிலிருந்து வருபவர் பழைய கோஷ்டிப் பூசல் எதிலும் இல்லாதவர் என்பதே பெரிய பலம்.

நடுகளத்தான்:
ஸ்டாப்பர்5, டொமெனெக் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். இளையோர் அணி அனுபவம் மட்டும் போதாது, மூத்த வீரர்களை அணைத்துக்கொண்டு போகும் குணமும் வேண்டும். ரெக்ராகி நல்ல உதாரணம். 2022 ஆகஸ்டில்தான் மொராக்கோ பொறுப்புக்கு வந்தார், உலகக் கோப்பைக்கு மூன்று மாதம்கூட முழுதாக இல்லை. முந்தைய பயிற்சியாளரோடு மோதி, இனி நாட்டுக்காக ஆட மாட்டேன் என்று போயிருந்த நட்சத்திர வீரர் சியேச்சைத் திரும்ப அழைத்தார். அந்த அணி ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி, அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணியானது. டிஃபன்ஸை ஒழுங்குபடுத்துவதும் மனஸ்தாபத்தைத் தீர்ப்பதும் பத்து நாளில் நடக்கக்கூடிய வேலைகள், அதில் யார் கெட்டிக்காரர் என்றுதான் நான் பார்ப்பேன்.

கார்னர்கொடி:
இது உதவியாக இருக்கிறது. அப்படியென்றால் நேர்காணலில் "உங்கள் ஆட்டமுறை என்ன" என்பதற்கு முன்னால் "உங்களோடு ஒத்துப்போகாத நட்சத்திர வீரரை என்ன செய்தீர்கள்" என்று கேட்க வேண்டும். ஒப்பந்தம் எத்தனை வருடம் கொடுப்பீர்கள்?

ஸ்டாப்பர்5:
அடுத்த பெரிய தொடர் முடியும்வரை, அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். ஜெர்மனி 2018 உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்பு லோவின் ஒப்பந்தத்தை 2022 வரை நீட்டியது, பிறகு அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது, இருந்தும் 2021 வரை மாற்றம் வரவில்லை. இன்னொன்று, கிளப்புகளோடு பேச்சு நடத்தினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். 2018 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் லோபெதேகியை ஸ்பெயின் நீக்கியது, ரியல் மாட்ரிட் கிளப் அவரைத் தன் அடுத்த பயிற்சியாளராக அறிவித்துவிட்டதால். அவசரமாக அந்த இடத்தில் யெர்ரோவை உட்காரவைத்து, ரஷ்யாவிடம் பெனால்டியில் தோற்றுத் திரும்பினார்கள்.