புதுப்பிப்பு: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரின் ஆய்வு முடிவு

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரில் உள்ள எங்கள் வீட்டின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கலாமா என்றும், மூத்த மகளின் முன்பற்களில் தெரியும் பழுப்புக் கோடுகளுக்கு அதுதான் காரணமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தின் முடிவு வந்துவிட்டது: அளவு மீறினால் வளரும் பற்களில் கறை ஏற்படுத்தும் ஃபுளோரைடு என்ற உப்பு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் மட்டும் 1.5 வரை ஏற்கலாம்.

கொதிக்க வைத்தால் போதும் என்று பலர் அன்போடு எழுதியிருந்தீர்கள். கிருமிகளுக்கு அது சரியான வழிதான். ஆனால் ஃபுளோரைடு கொதித்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே, 2013 முதல் மாவட்டத்துக்கு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை, மாடித் தொட்டியில் கிணற்று நீரோடு கலக்காமல், தனிக் குழாயில் நேரே சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். குடிப்பதற்கு மட்டுமன்றி உலை வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் அந்த நீர்தான்; பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மூத்தவளின் நிலைத்த பற்களில் ஏறிய கறை தானாக மறையாது என்று பல் மருத்துவர் கூறினார். இளையவனுக்கு நிலைத்த பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதால் இப்போதே நீரை மாற்றியது பயன் தரும்.

குழாய் வேலையின்போது மோட்டாரின் எர்த் கம்பி அறுந்து, ஈரக் கையால் குழாயைத் தொட்டால் சுரீரென்று இழுப்பதும் தெரியவந்தது. அதையும் சரிசெய்து, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி (RCCB) என்ற பாதுகாப்புக் கருவியைப் பொருத்தியிருக்கிறோம்.