ரிச், லீன் கலவைக்குத் தமிழ் என்ன? திங்கட்கிழமைக்குள் வேண்டும்

ஐ.டி.ஐ. ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குத் தமிழில் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பாடம். ஜெட், ஃப்ளோட், சோக் எல்லாம் பையன்களுக்குத் தெரியும், அவற்றைத் தொடப்போவதில்லை. எனக்கு வேண்டியது இரண்டே சொல்: ரிச் கலவை, லீன் கலவை.

போன ஆண்டு 'வளமான கலவை', 'மெலிந்த கலவை' என்று போட்டேன். மாணவர்களே பிரித்துச் சேர்த்த பழைய புல்லட் 350 ஒன்று எங்கள் பட்டறையில் நிற்கிறது. அதில் மிக்கார்ப் கார்புரேட்டர். ஒருவன் குறிப்பைப் படித்துவிட்டு, காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகான ஏர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே இறக்கிவிட்டான். ஏன் என்று கேட்டால், "வளமான கலவைதானே சார் நல்லது? மெலிஞ்சு போனா வண்டிக்குத் தெம்பு இருக்காதே" என்கிறான். இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. அவன் மேல் தப்பில்லை. வளம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ரிச்சில் பெட்ரோல் அளவுக்கு மேல், லீனில் காற்று அளவுக்கு மேல். அவ்வளவுதான் செய்தி. பாராட்டும் பரிதாபமும் ஒட்டாத சொல்லாகத் தாருங்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அன்புள்ள தம்பிக்கு. இரண்டு சொல் கேட்டீர்கள். அதற்கு முன் செய்யும் வேலைக்கே பெயர் வேண்டாமா? 'டியூனிங்' என்று எத்தனை நாள் எழுதுவது? சிலப்பதிகாரத்துக் கானல் வரியில் மாதவி யாழைக் கையில் வாங்கியதும் உடனே வாசித்துவிடவில்லை. பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல் என்று எட்டு வகைத் தொழில் நடக்கிறது. பண்ணல் என்பது நரம்பை அளவறிந்து வீக்குவது. தைவரல் என்பது மெல்லத் தடவிச் சுருதி பார்ப்பது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இதை அழகாக விளக்குவார். திருகைக் கால் சுற்று நகர்த்துவதும், இன்ஜின் ஓசைக்குக் காது கொடுப்பதும், மறுபடி நகர்த்துவதும் தைவரல் இல்லாமல் வேறென்ன?

உங்கள் இரண்டுக்கும்: கொழுங்கலவை, நொய்கலவை.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா மன்னிக்கவும். கானல் வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. நீங்கள் சொல்வது சிலம்பின் இன்னொரு பழைய உரையான அரும்பதவுரையாக இருக்கும்.

'கொழு' என்றாலும் அதே சிக்கல்தான். கொழுத்த கலவையைப் பையன் விடுவானா? 'நொய்' என்றால் கஞ்சி வைக்கும் நொய் நினைவுக்கு வரும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

உரை விஷயத்தில் பிழை என்னுடையதே. நொய்க்கஞ்சி உடம்புக்கு நல்லது, அது வேறு.

டொரான்டோவிலிருந்து, ஊர் யாழ்ப்பாணம்:

வணக்கம். இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்று விளங்கவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்தபோது செறிந்த அமிலம், ஐதான அமிலம் என்றுதான் படித்தோம். செறிகலவை, ஐதுகலவை. நல்லது கெட்டது எதுவும் அதில் இல்லை. ஐதானதைத் தமிழ்நாட்டில் 'நீர்த்த அமிலம்' என்பீர்கள். அதை இங்கே வைத்தால் பெடியன் பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று டாங்கியைக் கழற்றிவிடுவான்.

ஐ.டி.ஐ. ஆசிரியர்:

செறிகலவை எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஐது'தான் இடிக்கிறது. இன்று இரண்டு மாணவர்களிடம் எழுதிக் காட்டினேன். ஒருவன் 'ஐந்து கலவை' என்று படித்தான். இன்னொருவன் அச்சுப்பிழை என்றான்.

டொரான்டோவிலிருந்து:

அது சொல்லின் குற்றமில்லை, தம்பி. எங்கட பிள்ளைகள் படிக்கேலாமல் போகவில்லையே.

சொல்லாராய்ச்சி அன்பர்:

நடுவில் ஒரு செய்தி. எல்லாரும் 'கார்புரேட்டர்' என்பதை அயற்சொல் என்று ஒதுக்குகிறீர்கள். கார்பன் இலத்தீன் கார்போவிலிருந்து வந்தது, பொருள் கரி. கரி, கார், கருமை என்று நம்மிடம் ஒரு குடும்பமே இருக்கிறது. கார் என்றால் மேகம். அதாவது கருமையும் ஆவியும் சேர்ந்த சொல். கார்புரேட்டர் செய்வதும் பெட்ரோலை ஆவியாக்கிக் காற்றில் கலப்பதுதான். இது தற்செயலா?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஆமாம், தற்செயல். ஒலி ஒத்தால் உறவாகாது. ஆனால் 'கார்பு' என்று சுருக்கிக்கொள்ள எனக்குத் தடையில்லை. மார்பு, சார்பு இருக்கும்போது கார்பு தமிழ் வாயில் சண்டை போடாது. தொல்காப்பியர் வடவெழுத்தைத்தான் விலக்கச் சொன்னார், சொல்லையே ஒதுக்கச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

அந்த நூற்பாவை இதற்கு இழுக்காதீர்கள். அது வடசொற் கிளவிக்கு, அதாவது சமஸ்கிருதச் சொல்லுக்குச் சொன்னது. கார்புரேட்டருக்குக் 'கலப்பி' போதும். ஜெர்மனியின் கார்ல் பென்ஸ் தன் முதல் மோட்டார் வண்டியில் பெட்ரோலின் பரப்பின் மேல் காற்றைத் தவழவிட்டுத்தான் ஆவி சேர்த்தார். 1893இல் மைபாக் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பெட்ரோலைத் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஹங்கேரியில் பான்கியும் சோன்காவும் காப்புரிமை வாங்கினார்கள். ஆக, முன்னது கலப்பி, பின்னது தெளிப்பி என்று பிரிப்பதே முறை.

கோவைப் பட்டறைக்காரர்:

ஐயாக்களுக்கு வணக்கமுங்க. மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருடமாகப் பழைய ஜாவா, யெஸ்டி, புல்லட் என்று பார்த்துக்கொண்டிருப்பவன். எங்கள் பட்டறையில் யாரும் ரிச், லீன் என்று சொல்வதில்லை. "பெட்ரோல் தூக்கலா இருக்கு", "காத்து தூக்கலா இருக்கு". குழம்பில் உப்பு தூக்கல் என்றால் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்பார்களா? எது கூடுதல் என்று சொல்லும்போதே எதைக் குறைக்க வேண்டும் என்பதும் வந்துவிடுகிறது.

ஆசிரியருக்கு ஒரு வார்த்தை. தூக்கல் எப்போதும் கோளாறு இல்லைங்க. காலையில் சில்லென்று கிடக்கும் இன்ஜினுக்குப் பெட்ரோல் தூக்கலாகத்தான் வேண்டும், சோக் எதற்கு இருக்கிறது? சூடான பிறகும் தூக்கலாக இருந்தால்தான் நமக்குச் சரிசெய்யும் வேலை. பத்து நிமிடம் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஐட்லிங்கை, அதாவது வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஓட்டத்தை, கொஞ்சம் ஏற்றிவையுங்கள். ஏர் ஸ்க்ரூவை இருக்கையில் மெதுவாக உட்காரவைத்து, அதாவது அழுத்தாமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கால் கால் சுற்றாக இப்படியும் அப்படியும். ஓட்டம் எங்கே உச்சத்துக்கு ஏறுகிறதோ அதுதான் இடம். பிறகு ஐட்லிங்கை இறக்குங்கள். பிளக் மூக்கு டீ நிறத்தில் இருக்க வேண்டும். கருத்தால் பெட்ரோல் தூக்கல், சாம்பல் பூத்து வெளுத்தால் காற்று தூக்கல். வெளுத்ததை அலட்சியமாக விட்டால் பிஸ்டனில் ஓட்டை.

இன்னொன்று. மிக்கார்ப்பில் வெளியே திருப்பினால் காற்று கூடும். சில கார்புரேட்டரில் திருகு இன்ஜின் பக்கம் இருக்கும். அது பெட்ரோல் திருகு, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் பையனுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். சொல் சரியாக இருந்து திருகு தப்பாக இருந்தாலும் பிளக் கரிதான்.

சொல்லாராய்ச்சி அன்பர்:

திருப்புளி! எந்தக் குழுவும் கூடாமல் ஊரெல்லாம் பரவிய சொல். இதற்கென்று தனியாக ஓர் இழை தொடங்கலாமா?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

வேண்டாம்.

மதுரைத் தமிழாசிரியை:

மருந்து அதிகாரம் ஒருவருக்கும் நினைவு வரவில்லையா? மிகினும் குறையினும் நோய்செய்யும் என்று தொடங்கி, 'வளிமுதலா' என்றே சொல்லிவிட்டார் வள்ளுவர். வளி என்றால் காற்றுதானே? லீனுக்கு வளிமிகை, ரிச்சுக்கு வளிக்குறை. இரண்டும் நோய் என்பதற்கு 941ஆம் குறளே சான்று.

கோவைப் பட்டறைக்காரர்:

நன்றாக இருக்குதுங்க அம்மா. ஆனால் வளிக்குறை என்றால் பையன் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அதைக் கழற்றுவான். சில சமயம் அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

'தூக்கல்' பேச்சு வழக்கு என்று முதலில் முகம் சுளித்தேன். இரவு யோசித்தபோது வேறாகப் பட்டது. தூக்குதல் என்றால் எடை நிறுத்தல். காற்று, பெட்ரோல் விகிதம் எடையில்தானே சொல்லப்படுகிறது? ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று. துலாத்தட்டில் எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதே கேள்வி. தொல்காப்பியச் செய்யுளியலும் தூக்கு என்பதைச் செய்யுளின் உறுப்பாக எண்ணுகிறது. ஆக, எடையும் வந்தது, இசையும் வந்தது.

என் மறுப்பு ஒன்றே. கலைச்சொல் கிளைக்க வேண்டும். செறிகலவை என்றால் செறிவூட்டி, செறிவெல்லை என்று அடுத்தடுத்து ஆக்கலாம். லீன் கலவையையே எரித்து ஓடும் 'லீன் பர்ன்' இன்ஜினை என்ன சொல்வீர்கள்? காற்று தூக்கல் எரிப்பு இன்ஜினா? இது சொல்லா, வாக்கியமா?

டொரான்டோவிலிருந்து:

ஐயா சொல்வது சரி. ஐது எரிப்பு. இரண்டே சொல்லில் முடிந்தது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

பாடநூலுக்குச் செறி, ஐது. பட்டறைக்குத் தூக்கல். இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே? எனக்கும் நாளைக்குள் முடிக்க வேண்டிய வேலை கிடக்கிறது.

ஐ.டி.ஐ. ஆசிரியர்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரவே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்ததில் தூக்கல் பக்கம் நால்வர், செறி–ஐது பக்கம் இருவர், வளிமிகைக்கு ஒருவர். பெட்ரோல் தூக்கல், காற்று தூக்கல் என்றே போட்டேன். தலைப்பின் கீழ்ச் செறிகலவை, ஐதுகலவை என்று ஒருமுறை மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏர் ஸ்க்ரூவுக்குக் காற்றுத் திருகு.

இன்று வகுப்பு முடிந்தது. போன ஆண்டு ஏர் ஸ்க்ரூவை இறக்கியவனின் தம்பி இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறான். ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்கி அரைச் சுற்று வெளியே போனதும் புல்லட் ஓட்டம் ஏறியது. இன்னும் கால் சுற்று எடுத்தான். ஓட்டம் தள்ளாடியது, ரேஸை முறுக்கி விட்டதும் சைலன்சரில் வெடித்தது. "காத்து தூக்கல் சார்" என்று அவனே சொல்லிக் கால் சுற்று உள்ளே போட்டான்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:

மகிழ்ச்சி. ஆனால் யாழின் உறுப்புகளாகப் பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும் என்று இளங்கோவடிகள் எண்ணும்போது அங்கே ஆணி இருக்கிறது. காற்றுத் திருகுக்குப் பதில் 'வளியாணி' என்று போட்டிருக்கலாம். அடுத்த பதிப்பிலாவது பாருங்கள்.